“நீர் கனடாவுக்குப் போனா சேர்வரை ஆர் பாக்கிறது?”

2024 மார்ச் தொடக்கத்தில் எங்கள் சேர்வர்களின் அடித்தள மென்பொருளை மாற்றுவதற்கு வாங்கிய மூன்று கொட்டேஷன்களை முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். மூன்றின் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தம்பி, இப்ப ஓடுறது சும்மா கிடைச்சதுதானே? சும்மா கிடைக்குதெண்டா இவங்கள் ஏன் காசு கேக்கிறாங்கள்?”

எட்டு வருடமாக அந்த அலுவலகத்தின் கொம்பியூட்டர் வேலை முழுவதையும் பார்க்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இருக்கவில்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. இதே குழப்பத்தில் இருக்கிற சின்ன, நடுத்தர அலுவலகங்களின் ஐடி ஆட்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் இடம். புறக்கோட்டையில் இறக்குமதி, மொத்த வியாபாரம். அலுவலகத்தில் அறுபது பேர் அளவில், பேலியகொடையில் ஒரு ஸ்டோர்ஸ். இரண்டு சேர்வர், ஒவ்வொன்றிலும் 8 கோர் சிபியு இரண்டு (கோர் என்றால் சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). அவற்றுக்குள் நான்கு விஎம், அதாவது மென்பொருளால் செய்த மெய்நிகர் சேர்வர்கள், ஓடின: லொகினையும் பொதுக் கோப்புகளையும் பார்க்கும் விண்டோஸ், கணக்கு மென்பொருளின் எஸ்கியூஎல் தரவுத்தளம் இருக்கும் விண்டோஸ், கைரேகை வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் ஓடும் விண்டோஸ், தொலைபேசிக்கு ஒரு லினக்ஸ். ஐடி ஆட்கள் என்றால் நானும், போன வருடம் வந்த ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருவரும்.

ஒரே பெட்டிக்குள் பல சேர்வர்களை ஓட வைக்கும் அடித்தள மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். எங்களிடம் இருந்தது விஎம்வேரின் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7. போட்டவன் நான்தான். அந்த நாளில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். கல்லுப்போல ஓடும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இலவசப் பதிப்பில் ஒரு விஷயம் அடைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பேக்கப் எடுக்கும் மென்பொருட்கள் உள்ளே நுழையும் வழி அதில் மூடியிருக்கும். வீம் மாதிரி நல்ல பேக்கப் மென்பொருள் எதையாவது போட்டால், “உன் லைசன்ஸுக்கு இது இல்லை” என்று திருப்பி அனுப்பிவிடும். ஆகவே நான் என்ன செய்தேன்? மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை போய், விஎம்களை நிறுத்தி, முழுசாக வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணிவிட்டு வருவேன். எஸ்கியூஎல்லுக்குத் தினமும் தனியாக ஒரு பேக்கப். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவது மாதம் கல்யாண வீடு வந்தது, நாலாவது மாதம் மழை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம்.

காசு கொடுத்து வாங்குவோம் என்று 2022 தொடக்கத்தில் ஒரு தடவை முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். கொட்டேஷன் டொலரில் வந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது. இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் முந்நூற்றறுபதைத் தொட்டது. அந்தக் கொட்டேஷனின் விலையை யாரும் கூட்டவில்லை, டொலரில் அதே தொகைதான், எங்கள் பக்கம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வேறு. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை, சேர்வருக்கு லைசன்ஸா என்று முதலாளி கேட்டார். நானே கொட்டேஷனை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

இரண்டு பயமுறுத்தல்கள் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதே 6.7தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்று, 2023 பெப்ரவரியில் உலகம் முழுக்க ஈஎஸ்எக்ஸ்ஐ சேர்வர்களைத் தேடித் தேடிப் பூட்டிக் கப்பம் கேட்ட ரான்சம்வெயர். அது நுழைந்த ஓட்டைக்கு 2021 பெப்ரவரியிலேயே திருத்தம் வந்திருந்தது. இரண்டு வருடம் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். நான் போட்டிருந்தேனா என்று பார்த்தேன். போட்டிருக்கவில்லை! எங்கள் சேர்வர்களின் நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருக்கவில்லை, அதனால் தப்பினோம். அதோடு, 6.7க்கான ஆதரவு 2022 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மற்றது முழுக்க என் பிழை. கணக்கு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் போடுவதற்கு முன் பாதுகாப்புக்காக ஸ்னப்ஷொட் ஒன்று எடுத்துவிட்டு, அழிக்க மறந்துவிட்டேன். ஸ்னப்ஷொட் என்றால் அந்த நேரத்துப் படத்தை எடுத்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில், எடுத்த கணத்திலிருந்து பழைய டிஸ்க்கை அப்படியே உறைய வைத்துவிட்டு, வருகிற மாற்றம் முழுவதையும் இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். எட்டு மாதத்தில் அந்தக் கோப்பு ஊதி, டிஸ்க் நிரம்பி, மாதக் கடைசி நாள் பின்னேரம் மூன்று மணிக்கு எஸ்கியூஎல் விஎம் அப்படியே நின்றது. இடம் தேடிக் கொடுத்து, ஸ்னப்ஷொட்டை அழிக்கக் கொடுத்தால் பதினாலு மணித்தியாலம் எடுத்தது. கணக்குப் பார்க்கும் அக்கா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அதோடு ஸ்னப்ஷொட்டை பேக்கப் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும்.

சரி, கொட்டேஷன்களுக்கு வருவோம். 2023 நவம்பரில் புரோட்கொம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரில், ஒருதரம் வாங்கினால் என்றைக்கும் நமக்கு என்ற பழைய லைசன்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, வருடச் சந்தா மட்டும் என்றானது. 2024 பெப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயும் நின்றது. (2025 ஏப்ரலில் 8ஆம் பதிப்போடு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் நாங்கள் வீடு மாறிவிட்டோம்.) சந்தா கோர் கணக்கில் வரும், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எங்களிடம் உண்மையில் இருந்தது 32 கோர். ஆனால் சிபியு நான்கு, ஒவ்வொன்றும் 16 என்று கணக்கிடப்படும், ஆகவே கொட்டேஷனில் 64 கோர். பாதிக் காசு இல்லாத கோருக்கு. அதற்கு மேல் ஜனவரியில் பதினெட்டு வீதமாகிய வாட் வரி. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை, விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது, நாம்தான் வாசிக்க வேண்டும். புதிதாகச் சேர்வர் வாங்குகிறவர்கள் 8 கோர் சிபியு இரண்டுக்குப் பதிலாக 16 கோர் சிபியு ஒன்று உள்ளதை வாங்கினால் இந்தக் கணக்கு பாதியாகிவிடும்.

இரண்டாவது கொட்டேஷன் மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வி. “அது விண்டோஸோடு இலவசமாக வருகிறதே” என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை. தனியாக இலவசமாக வந்த ஹைப்பர்-வி சேர்வர் 2019 பதிப்போடு முடிந்துவிட்டது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 ஜனவரி வரை வரும், புதிதாகப் போடுகிறவருக்கு அது பாதை இல்லை. மற்றபடி விண்டோஸ் சேர்வர் லைசன்ஸ் வாங்கினால் ஹைப்பர்-வி கூட வரும். ஸ்டான்டர்ட் லைசன்ஸ் ஒன்று, 16 கோர் சேர்வர் ஒன்றில் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்ட அனுமதிக்கும். மூன்றாவது வேண்டுமென்றால் அதே சேர்வருக்கு இன்னொரு முழு லைசன்ஸ்.

மிக முக்கியமாக நான் சொல்ல விரும்புவது: கீழே எந்த ஹைப்பர்வைசர் இருந்தாலும், மேலே ஓடும் விண்டோஸுக்கு லைசன்ஸ் கட்டாயம். இலவச லினக்ஸுக்கு மேல் ஓட்டுகிறோம் என்பதற்காக விண்டோஸ் இலவசமாகிவிடாது. சாதாரணமாக வாங்கும் அந்த லைசன்ஸும் சேர்வர் பெட்டிக்குத்தான் ஒட்டியிருக்கும், விஎம்முக்கு இல்லை. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு 90 நாளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், ஹார்ட்வெயர் நிரந்தரமாகச் செத்தால் மட்டும் விதிவிலக்கு. விஎம்களை அங்கும் இங்கும் பறக்க விடும் கனவு உள்ளவர்கள் இரண்டு பெட்டிக்கும் லைசன்ஸ் போட வேண்டும். நாங்கள் கனவைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டோம்: கணக்கும் லொகினும் ஒரு பெட்டியில், வருகைப் பதிவும் தொலைபேசியும் மற்றதில், தினசரி ஓட்டத்தில் யாரும் இடம் மாற மாட்டார்கள்.

மூன்றாவது கொட்டேஷன் ஆதரவோடு புரொக்ஸ்மொக்ஸ். வியன்னாவில் இருக்கிற ஒரு நிறுவனம் 2008இலிருந்து செய்து வருவது, அடியில் டெபியன் லினக்ஸும், லினக்ஸோடு வரும் ஹைப்பர்வைசரான கேவிஎம்மும். மென்பொருள் முழுசாக இலவசம், எந்த வசதியும் பூட்டப்படவில்லை. காசு கொடுத்தால் நன்றாகச் சோதித்த அப்டேட் வரும் களஞ்சியமும், மேல் படிகளில் ஆதரவும் கிடைக்கும். கொடுக்காவிட்டால் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் “உங்களிடம் சந்தா இல்லை” என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதை மறைக்க ஆட்கள் என்னென்னவோ தந்திரம் செய்கிறார்கள். எனக்கு அதுவொரு பிரச்சினையாகப் படவில்லை, கோவில் வாசலில் உண்டியலைப் பார்க்கிற மாதிரி, பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

எக்ஸ்சிபி-என்ஜி என்ற இன்னொரு இலவச ஹைப்பர்வைசரையும் பார்த்தேன். சிற்றிக்ஸ் நிறுவனம் சென்சேர்வர் 7.3இன் இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகளை எடுத்தபோது, 2018இல் அதன் திறந்த மூலத்திலிருந்து (யாரும் எடுத்து மாற்றக்கூடிய நிரல்) கிளைத்தது. நல்ல சாமான். கொழும்பில் அதைத் தெரிந்த ஆள் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விட்டேன்.

இந்த இடத்தில் முதலாளியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. சும்மா கிடைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் “வந்து அள்ளுங்கோ” என்று விடுகிற கிணறு ஒன்று. வீடு கைமாறினால் படலை பூட்டப்படும், அவரிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியாது, அவருடைய கிணறு. ஊர்ப் பொதுக் கிணறு மற்றது. அதை யாரும் பூட்ட முடியாது, ஆனால் தூர் வார வேண்டியதும், கயிறு அறுந்தால் மாற்ற வேண்டியதும் அள்ளுகிறவர்கள்தான். நிறுவனம் தன் விருப்பத்தில் தரும் இலவசப் பதிப்பு முதல் வகை, திறந்த மூல உரிமத்தில் வருவது இரண்டாவது. இப்படிச் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஊரில் இருந்த கிணற்றுப் பங்குச் சண்டை பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். பிறகுதான் அந்த மற்றக் கேள்வி வந்தது.

“சரி, தூர் வாருறது நீர். நீர் கனடாவுக்குப் போனா சேர்வரை ஆர் பாக்கிறது?”

பகிடிக்குக் கேட்டதில்லை. 2022க்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஐடி ஆட்களில் பாதிப்பேர் இந்த ஊரில் இல்லை. என் தம்பியே டொரொண்டோவில்தான். சந்தா, ஆதரவு, ஒப்பந்தம் என்று அந்தக் கொட்டேஷன்கள் விற்றது உண்மையில் இதைத்தான்: ஆள் போனாலும் கோல் எடுக்க ஒரு நம்பர். அதை இளக்காரமாகப் பேசுகிற லினக்ஸ்காரர்களோடு எனக்கு ஒத்துவராது. தணிக்கைக்காரர் வந்து ஆதரவு ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்கும் நிதி நிறுவனத்திலோ, இரவிரவாக ஓட வேண்டிய வைத்தியசாலையிலோ நான் இருந்திருந்தால் காசு கொடுத்ததைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். அதேபோல உங்கள் முக்கிய மென்பொருளை விற்றவர் “இந்த ஹைப்பர்வைசரில் ஓடினால்தான் நாங்கள் ஆதரவு தருவோம்” என்று எழுத்தில் வைத்திருந்தால், கதை அங்கேயே முடிந்தது. முதலில் அந்தக் கடிதத்தைத் தேடிப் பாருங்கள். நான் இதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கேட்டேன், எங்கள் கணக்கு மென்பொருள்காரர் நல்ல காலத்துக்கு “எங்களுக்கு விண்டோஸ் ஓடினால் போதும்” என்றார்.

பேசி முடிவெடுத்தது இதுதான். புரொக்ஸ்மொக்ஸ் போடுவது, ஆகக் கீழ்ப்படிச் சந்தா மட்டும் எடுப்பது. அப்போது ஒரு சிபியு சொக்கெட்டுக்கு வருடம் நூறு யூரோச் சொச்சம், எங்களுக்கு நான்கு. கோர் எத்தனை என்று கேட்பதில்லை. அந்தப் படியில் ஆதரவு இல்லை, நம்பகமான அப்டேட் மட்டும்தான். மேல்படி எடுத்தாலும் பதில் வருவது ஒஸ்திரிய வேலை நேரத்தில்: அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி பேக்கப்புக்கு, ஒரு பகுதி தங்கச்சியின் சம்பளத்துக்கு. முதலாளி இரண்டாவதை நான் எதிர்பார்த்ததை விட வேகமாக ஒத்துக்கொண்டார்.

மாற்றிய கதை. 2024 பொசன் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமை வந்தது, சேர்த்தால் மூன்று நாள். கொழும்பில் சேர்வர் வேலை செய்கிறவர்களுக்குப் போயாவை விட்டால் வேறு நல்ல நாள் கிடையாது. அதற்கு இரண்டு மாதம் முன்பே பழைய ஐ5 மெஷின் ஒன்றில் போட்டுப் பழகியிருந்தேன். ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பில் ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக விஎம்மை இழுக்கும் வசதி இருந்தது. முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் விஎம் பட்டியல் வந்து நிற்கும். அழகான வேலை. ஆனால் மெதுவு. அறுநூறு ஜிபிக்கு ஒரு இரவு முழுக்கப் போனது. இழுப்பதற்கு முன் ஸ்னப்ஷொட்களை அழித்துவிடுங்கள், விஎம்மை முறையாக அணைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை விடிய முதலாவது அடி. வேகமான விர்ட்ஐஓ டிஸ்க் வகைக்கு நேரடியாக மாற்றிவிட்டு விண்டோஸைக் கிளப்பினால் நீலத் திரை. விண்டோஸுக்குள் அதற்கான டிரைவர் இல்லையே, எப்படி டிஸ்க்கைக் காணும்? வழி இதுதான்: முதலில் டிஸ்க்கை விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா வகையில் வைத்துக் கிளப்ப வேண்டும். கூடவே ஒரு ஜிபியில் வெறும் விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, டிரைவரைப் போட்டு, அது தெரிகிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு, பிறகு உண்மையான டிஸ்க்கை மாற்ற வேண்டும். இன்னும் நல்லது, பழைய இடத்தில் ஓடும்போதே டிரைவரைப் போட்டு வைப்பது.

அடுத்து ஐபி முகவரி. புதிய நெட்வேர்க் கார்ட் என்பதால் பழைய நிலையான ஐபி போய்விடும், திரும்பப் போடப்போனால் “இது இன்னொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது” என்று சொல்லும், அந்தக் கார்ட் கண்ணுக்கும் தெரியாது. டிவைஸ் மனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, பழைய ஆவியை அழிக்க வேண்டும். போதாததற்கு வருகைப் பதிவு மென்பொருளின் லைசன்ஸ், நெட்வேர்க் கார்டின் அடையாள எண்ணான மெக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தது. நான் பழைய மெக் முகவரிகளைக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததால் புதிய விஎம்முக்கும் அதையே கொடுத்துத் தப்பினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அதே வருகைப் பதிவு விஎம் திங்கட்கிழமை என் மானத்தை வாங்கியது. அதை உருவாக்கும்போது இயங்குதளம் என்ற இடத்தில் விண்டோஸைத் தெரிவு செய்யாமல் “வேறு” என்று விட்டிருக்கிறேன். விண்டோஸ் என்றால் மெஷின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் கொடுக்கும், இல்லாவிட்டால் உலகப் பொது நேரத்தில். வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். காலை எட்டரைக்குக் கைரேகை வைத்த அறுபது பேரும் அதிகாலை மூன்று மணிக்கே வேலைக்கு வந்தவர்களாகப் பதிவாகிவிட்டார்கள். ஸ்டோர்ஸ் ஆட்கள் ஓவர்டைம் கேட்டு வந்து நின்றார்கள், சிரித்துக்கொண்டுதான், ஆனாலும் கேட்டார்கள்.

டிஸ்க் விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலவசத்தில் மிச்சம் பிடித்த காசைத் திரும்ப வாங்கிக்கொண்டது இதுதான். புரொக்ஸ்மொக்ஸில் ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை கிடைக்கிறது, டிஸ்க்குகளை அதுவே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், கெட்டுப்போன தரவைக் கண்டுபிடித்துத் திருத்தும். அதற்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும், இடையில், பல டிஸ்க்கை ஒன்றாக்கிக் காட்டும் ரெய்ட் கார்ட் நின்று மறைக்கக்கூடாது. எங்கள் கார்டை நேர்வழி முறைக்கு மாற்ற முடிந்தது, மாற்றினால் டிஸ்க்கில் உள்ளது போய்விடும், ஆகவே ஒரு சேர்வரைக் காலியாக்கி முடித்து, பிறகு மற்றது. இதுவரை சரி. பிறகு நான் செய்த மடத்தனம், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் சாதாரண, வீட்டு மெஷினுக்குப் போடும் எஸ்எஸ்டி நான்கு வாங்கி வந்தது. மலிவு. போட்ட முதல் மாதக் கடைசியில் நாலு நிமிடத்தில் வரும் கணக்கு அறிக்கை இருபது நிமிடம் எடுத்தது. அக்கா திரும்பவும் கதைப்பதை நிறுத்தினார்.

நானும் ஹைப்பர்வைசரைத்தான் சந்தேகித்தேன். இலவசம் என்றால் இப்படித்தான் என்று முதலாளியும் நினைத்திருப்பார். காரணம் வேறு. எஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவையும் “டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதியாகிவிட்டதா” என்று உறுதி கேட்டுத்தான் நகரும். முன்பு ரெய்ட் கார்டின் பற்றரி உள்ள நினைவகம் உடனே “ஆம்” என்று சொல்லிவிடும். ஸெட்எஃப்எஸ்ஸில் அந்தக் கேள்வி நேரே எஸ்எஸ்டிக்குப் போகிறது. கரண்ட் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் கொன்டென்சர் உள்ள சேர்வர் வகை எஸ்எஸ்டி உடனே ஆம் சொல்லும். வீட்டு வகை, ஒவ்வொரு தடவையும் மெதுவாக எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்லும். அந்தப் பாதுகாப்பு உள்ள பழைய எஸ்எஸ்டிகளைத் தேடி வாங்கிப் போட்டேன், அறிக்கை மூன்று நிமிடத்தில் வந்தது. வேகப் பரீட்சைப் படங்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பதினொன்றரை அளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை அன்றைக்கு ஊரே பகிடி பண்ணியது. நானும் வெள்ளவத்தை வீட்டில் மெழுகுதிரியைத் தேடிக்கொண்டே சிரித்தேன். திங்கள் காலை ஏழு மணிக்குக் கோல். “அண்ணா, பில் ஒண்டும் போட ஏலாம கிடக்கு.”

யூபிஎஸ் பற்றரி முடிந்து இரண்டு சேர்வரும் அணைந்திருக்கின்றன. கரண்ட் வந்ததும் ஒன்று தானாகக் கிளம்பியது. மற்றதில் கரண்ட் வந்தால் கிளம்பு என்ற பயோஸ் அமைப்பை நான் போட்டிருக்கவில்லை. கிளம்பியதாவது ஓட வேண்டாமா? ஓடாது. இரண்டையும் ஒரு கிளஸ்டராகச் சேர்த்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வோட்டு, பெரும்பான்மை என்றால் இரண்டு. தனியாக நிற்கும் பெட்டிக்கு, மற்றவன் செத்தானா அல்லது இடையில் வயர் போனதா என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே விஎம்மைக் கிளப்பித் தரவைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காகப் பேசாமல் இருக்கும். சரியான நடத்தைதான், எனக்குத்தான் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எதிர்பார்க்கும் வோட்டை ஒன்றாக்கும் கட்டளையைக் கொடுத்து அன்றைக்கு ஓட வைத்தேன், மற்றது உண்மையிலேயே அணைந்துதான் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள், அதற்குள் மூன்றாவது வோட்டுப் போட ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். இரண்டு பெட்டி மட்டும் உள்ளவர்கள் இப்படி மூன்றாவது வோட்டைப் போடுங்கள், அல்லது கிளஸ்டரே வேண்டாம், தனித்தனியாக ஓட விடுங்கள். அதோடு யூபிஎஸ் பற்றரி குறைந்தால் சேர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி வயர் போட்டு வையுங்கள், அந்த வயர் பெட்டியோடு சும்மாதான் வந்திருக்கும்.

காசு கொடுத்த மென்பொருளாக இருந்திருந்தால் இவற்றில் எது நடந்திருக்காது? யோசித்துப் பார்த்தேன். கடிகாரமும் கிளஸ்டரும் விற்றவரின் இஞ்சினியர் வந்து போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கலாம். பயோஸ், எஸ்எஸ்டி, யூபிஎஸ் எல்லாம் எதைப் போட்டாலும் என் தலையில்தான்.

பேக்கப்புக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேர்வர்களில் ரான்சம்வெயர் புகுந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. முதலாளியிடம் காசு கேட்கும்போது அதைத்தான் காட்டினேன், அமெரிக்கக் கதைகளை விட இங்கே நடந்தது வேலை செய்யும். புரொக்ஸ்மொக்ஸின் சொந்த பேக்கப் சேர்வரும் இலவசம். பழைய மெஷின் ஒன்றில் பெரிய டிஸ்க் இரண்டு போட்டு அலுவலகத்தில் ஒன்று, அதிலிருந்து இரவில் தானாக இழுத்துக்கொள்ளும்படி பேலியகொடையில் இன்னொன்று. மாறிய துண்டுகள் மட்டும் போவதால் முதல் தடவைக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குள் முடிகிறது. ஒரு கவனம்: பேலியகொடைப் பெட்டியின் பாஸ்வேர்ட் வேறு, அலுவலக லொகினோடு எந்தத் தொடர்பும் இல்லை. அலுவலகத்தில் புகுந்தவன் அங்கேயும் போய்ப் பேக்கப்பை அழிக்க முடிந்தால் இரண்டு இருந்தும் ஒன்றுதான்.

கனடாக் கேள்விக்கு வேண்டிய பதிலை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். நாற்பது பக்க சீஆர் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தப் பெட்டி எங்கே, எந்த ஒழுங்கில் கிளப்ப வேண்டும், மெக் முகவரிகள், ரெஸ்டோர் செய்யும் படிகள். பாஸ்வேர்ட்கள் மூடிய உறையில் முதலாளியின் பெட்டகத்தில். போன போயாவுக்கு நான் போகவில்லை. “கொப்பியை மட்டும் பார்த்து, கணக்கு விஎம்மை பேக்கப்பிலிருந்து எடுத்து, பழைய ஐ5இல் கிளப்பிக் காட்டும், எனக்குக் கோல் எடுக்கக்கூடாது” என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, வீட்டில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.

கோல் வரவில்லை. பின்னேரம் நாலரைக்கு ஒரு படம் வந்தது: கணக்கு மென்பொருளின் முகப்பு, முந்தின நாள் திகதியோடு. கூடவே கொப்பியின் பன்னிரண்டாம் பக்கத்துப் படமும். ஏழாவது படியில் நான் எழுதியிருந்த ஐபி பழையது, சிவப்புப் பேனையால் வெட்டிச் சரியானதை எழுதி, ஓரத்தில் “அண்ணா, இதில ஒரு மணித்தியாலம் போச்சு” என்று குறித்திருந்தார்.